இருபதாவது ஆள்

அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடையில் ஒரு வண்டியின் பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்ப மாட்ட மனமில்லாமல், கையைத் துடைத்துக்கொண்டு மாநகராட்சி மன்றத்துக்குக் கிளம்பிவிட்டேன். வண்டிக்காரர் பின்னாலிருந்து கத்தினார்.

"யோவ், பிரேக் இல்லாம நான் எப்படிப் போறது?"

"மெதுவாப் போங்க" என்றேன். என் பொறுமை அவ்வளவுதான்.

என் மனைவி மாநகராட்சி மன்ற உறுப்பினர். கட்சி கிடையாது, தனி ஆள். அன்றைய கூட்டத்தின் கடைசிப் பொருள், எங்கள் வார்டிலிருக்கும் பிரசவ நிலையத்தை மூடிவிட்டு அந்த இடத்தில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டுவது. பிரசவம் பார்க்க வேண்டுமென்றால் பாலத்தைத் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்ளலாமாம். வண்டி நிறுத்த இடம் வேண்டும்தான், நானே வண்டி ஆள், மறுக்கவில்லை. அதற்காகத் தொட்டிலை எடுத்துவிட்டு அங்கேயா வண்டியை நிறுத்துவது?

பாலத்தைப் பற்றி எங்கள் இருவருக்கும் யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். எங்கள் முதல் குழந்தை அந்தப் பாலத்தின் மேல், வாடகை வண்டியில் பிறந்தது. முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. நான் இறங்கி ஒவ்வொரு வண்டியாகத் தட்டிக் கெஞ்சிவிட்டுத் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. குழந்தை அழவே இல்லை. அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் பிரசவ நிலையம் வந்தது. இரண்டாவது மகள் அங்கே பிறந்தாள். இப்போது அவளுக்கு நிறைமாதம். புருஷனோடு எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறாள். மனைவி தேர்தலில் நின்றதற்குக் காரணம் கேட்பவர்களிடம் குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு என்று அடுக்குவாள். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்.

எங்கள் வார்டின் பழைய உறுப்பினர் வெளிநடப்பில் பேர் போனவர். கூட்டம் ஆரம்பித்து அரை மணியில் அவரை டீக்கடையில் பார்க்கலாம். மனைவி தெருத்தெருவாகப் போய் ஒரே ஒரு வாக்குறுதிதான் கொடுத்தாள். "நான் ஜெயிச்சா எழுந்து வெளிய வர மாட்டேன். யாரு என்ன சொன்னாலும் உள்ளயே உக்காந்து கேள்வி கேப்பேன்." ஜெயித்தாள். சொன்னபடியே உட்கார்ந்தாள். மன்றத்தில் அவளுக்குப் 'பசை' என்று பெயர் வைத்தார்கள். கிண்டலாகத்தான் வைத்தார்கள். எங்கள் வார்டு ஜனங்கள் அதைப் பட்டம் மாதிரி எடுத்துக்கொண்டார்கள். "எங்க பசையக்கா" என்பார்கள்.

மாநகராட்சிக் கட்டடத்தின் மாடியில் இருக்கிறது மன்றம். அதில் ஒரு ஓரமாகத் தடுப்புக் கம்பி போட்டுப் பார்வையாளர் பெஞ்சுகள் இருக்கின்றன. பேசக் கூடாது, கைதட்டக் கூடாது, சைகை காட்டக் கூடாது என்று பலகை தொங்கும். மூச்சு விடலாமா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எதிரே உறுப்பினர்களின் சுழல்நாற்காலிகள், பாதி வேலை செய்யாத மைக்குகள், உயரத்தில் மேயர், அவர் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பித்தளை மணி. மன்றத்துக்கு வாசல் ஒன்றே ஒன்று. பெரிய வாசல், அதற்கு வெளியே நீளமான வராண்டா. எங்கள் பெஞ்சை ஒட்டிய ஜன்னல் வழியே அந்த வராண்டாவும் படிக்கட்டும் தெரியும்.

கணக்கு எளிமையானதுதான். மொத்தம் நாற்பது பேர். மேயர் கட்சி அவரோடு சேர்த்து இருபத்தொன்று. எதிர்க்கட்சி பதினெட்டு. மிச்சம் என் மனைவி. எதிர்க்கட்சி ஆட்கள் ஒருநாளாவது கடைசிவரை உட்கார்ந்திருந்தால் மேயர் தோற்றுப்போகலாம், ஏனென்றால் அவர் ஆட்களில் நாலைந்து பேர் எப்போதும் கீழே கேன்டீனில்தான் இருப்பார்கள். ஆனால் எதிர்க்கட்சியின் தலைவர் உட்கார மாட்டார். எங்கள் வீட்டில் அவருக்கு 'நடராஜா சர்வீஸ்' என்று பெயர். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் வெளியே நடந்து வந்தால்தான் பத்திரிகையில் படம் வருகிறது. உள்ளே உட்கார்ந்து ஓட்டுப் போட்டவனை எந்தக் கேமரா எடுத்தது?

மேயருக்கு இது தெரியும். முக்கியமான பொருள் வரும்போதெல்லாம் அவர் மைக்கைக் கிட்டே இழுத்து ஒரு வாக்கியம் சொல்வார்.

"நீங்க ஆட்சியில இருந்தப்ப என்னத்தக் கிழிச்சீங்க?"

அவ்வளவுதான். பதினெட்டுப் பேரும் எழுந்து, கையிலிருக்கும் அஜெண்டாவை நிஜமாகவே கிழித்துப் போட்டுவிட்டுக் கோஷத்தோடு வெளியேறுவார்கள். சாவி கொடுத்த பொம்மைகூட ஒருநாள் மக்கர் பண்ணும், இவர்கள் பண்ணியதில்லை.

அன்றும் அதே கதை. கடைசிப் பொருளை எடுத்ததும் மேயர் அந்த வாக்கியத்தைச் சொன்னார், காகிதம் பறந்தது, ஆட்கள் போனார்கள். மனைவி மட்டும் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தாள். மைக் வேலை செய்யவில்லை. அவள் தொண்டை வேலை செய்தது.

நான் பெஞ்சிலிருந்து தலைகளை எண்ணினேன். விதிப்புத்தகத்தை அவள் மனப்பாடம் பண்ணும்போது ஒப்பிக்கக் கேட்டவன் நான்தான், அதனால் எனக்கும் பாதி தெரியும். மன்றம் நடக்க வேண்டுமானால் பாதிப்பேராவது உள்ளே இருக்க வேண்டும். அதைக் கோரம் என்பார்கள். நாற்பதில் பாதி இருபது. மேயர் ஆட்களில் ஒருவர் ஊரிலேயே இல்லை, ஒருவர் கேன்டீனில். நான் இரண்டு தடவை எண்ணினேன். எனக்கு முன்னாலேயே அவள் எண்ணி முடித்திருந்தாள்.

"மேயர் அவர்களே, கோரம் இருக்கான்னு எண்ணச் சொல்லுங்க."

செயலாளர் எழுந்து பென்சிலை நீட்டி எண்ணினார். "இருபது பேர் இருக்காங்க. சரியா இருக்கு."

மேயர் சிரித்தார். நல்ல பல்வரிசை அவருக்கு. "உங்களையும் சேர்த்துத்தாம்மா இருபது. நீங்க உக்காந்திருக்கறதாலதான் இந்தக் கூட்டமே நடக்குது. உக்காருங்க."

என் மனைவி உட்கார்ந்தாள். நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. எதிர்க்க வேண்டும் என்று அவள் உள்ளே இருப்பதால்தான் பொருள் நிறைவேறப்போகிறது. அவள் எழுந்து போனால் பத்தொன்பது, கூட்டம் நின்றுவிடும். ஆனால் எழுந்து போக மாட்டேன் என்றுதானே வீடு வீடாகச் சத்தியம் செய்தாள்? அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். ஒருமுறை குழம்பில் உப்பு அதிகம் என்று சொன்னதற்கு, இல்லையென்று நிரூபிக்க முழுக் குழம்பையும் தனியாகச் சாப்பிட்டவள். 'எழுந்திரு, எழுந்திரு' என்று எனக்கு நாக்கு துடித்தது. மேலே பலகை தொங்கியது.

அப்போதுதான் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கேன்டீனுக்குப் போன ஆள், வாயைத் துடைத்துக்கொண்டு நிதானமாக ஏறி வந்துகொண்டிருந்தார். அவர் உள்ளே நுழைந்துவிட்டால், இவள் போனாலும் இருபதுதான்.

நான் ஓடினேன். வராண்டாவைக் கடந்து படிக்கட்டுத் திருப்பத்தில் அவரை மறித்தேன்.

"சார், வெளிய நிக்கற சிவப்பு வண்டி உங்களுதா?"

"ஆமா, ஏன்?"

"பின்சக்கரம் ஆடுது சார். வரும்போதே பார்த்தேன். யாரு வண்டியோன்னு நெனச்சேன்."

பொய் இல்லை. எந்த வண்டியின் பின்சக்கரமும் கொஞ்சம் ஆடும். அவர் கவலையானார். பேரிங்கா, அச்சா என்று கேட்டார். நான் பேரிங்கைப் பற்றி எனக்குத் தெரிந்த அத்தனையும் சொன்னேன், தெரியாததையும் சொன்னேன். காது மட்டும் மன்றத்து வாசலிலேயே இருந்தது. உள்ளே மேயர் பொருளைப் படிப்பது கேட்டது. சனியன், எழுந்திருக்க மாட்டாளா? என் மனைவியை நான் மனதுக்குள் திட்டியது அன்றுதான் அதிகம்.

கதவு திறந்தது. அவள் வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. உள்ளேயிருந்து செயலாளரின் குரல்: "கோரம் இல்லை. கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது."

வராண்டாவில் நின்றிருந்த எதிர்க்கட்சி ஆட்கள் கைதட்டினார்கள். நடராஜா சர்வீஸ் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். "வா தங்கச்சி! கடைசியில நீயும் நம்ம வழிக்கு வந்துட்ட பாத்தியா!" கேமரா மின்னியது.

மனைவி அவரைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும்.

ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன். செயலாளர் வெளியே வந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அம்மா, அடுத்த வாரம் இதே நாள் திரும்பக் கூடும். கோரம் இல்லாம ஒத்திவச்ச கூட்டம் மறுபடி கூடும்போது கோரமே தேவையில்ல. நாலு பேர் இருந்தாலும் நிறைவேத்தலாம். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும் அவளுக்கு. தெரிந்துதான் எழுந்து வந்திருக்கிறாள். ஒரு வாரத்துக்காக, மூன்று வருஷப் பேரை விற்றுவிட்டு வந்திருக்கிறாள்.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. நடராஜா சர்வீஸின் விரித்த கைக்கு நடுவில் என் மனைவி. கீழே, 'அவரும் வெளிநடப்பு' என்று போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. தண்ணீர் பிடிக்கப் போனால், "என்னக்கா, பசை காஞ்சிடுச்சா?" என்றார்கள். என் கடைக்கு வந்தவர்கள் பஞ்சர் ஒட்டும்வரை சும்மா இருந்துவிட்டுக் கிளம்பும்போது ஒரு குத்து குத்திவிட்டுப் போனார்கள். நான் கோரத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்தால், "எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்வாங்க" என்று வண்டியைக் கிளப்பினார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. இரண்டு பேருக்கு வேண்டுமென்றே காற்றைக் குறைவாக அடித்து அனுப்பினேன்.

அவள் நடராஜா சர்வீஸின் வீட்டுக்கே போனாள். நானும் கூடப் போனேன். மனுஷர் உபசாரத்துக்குக் குறை வைக்கவில்லை.

"அண்ணே, அன்னிக்கு உங்க வேலைய நான் செஞ்சேன். அடுத்த வாரம் என் வேலைய நீங்க செய்யுங்க. உள்ள இருங்க. கோரம் வேண்டாம்ங்கறதால அவங்க ஆளுங்க பாதிப்பேர் வரமாட்டாங்க, வந்தாலும் கேன்டீன்ல இருப்பாங்க. நீங்க பதினெட்டுப் பேர் உக்காந்தாப் போதும், தோத்துடுவாங்க."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், பாவம். "நீ சொல்றது நியாயம்தான் தங்கச்சி. ஆனா அந்த ஆளு அப்படிக் கேட்டதுக்கப்புறமும் உக்காந்திருந்தா எங்க ஆளுங்க என்னை மதிப்பாங்களா? சொரணை இல்லாதவன்னு சொல்ல மாட்டாங்க? மத்தபடி எங்க ஆதரவு உனக்குத்தான்."

"ஆதரவ வெளிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றாள்.

வீட்டுக்கு வந்தோம். இரவு சாப்பிடவில்லை, மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். நானும் நடந்தேன். ஒருவரையொருவர் இடித்துக்கொண்டோம். மகள்தான், "ரெண்டு பேரும் உக்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது" என்றாள்.

கூட்டத்துக்கு முதல்நாள் சாயங்காலம். கரண்ட் போய்விட்டது, புழுக்கம் தாங்கவில்லை. மகள் காற்றுக்காக வாசல் நிலைப்படியில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் கடையைப் பூட்ட மறந்துவிட்டது ஞாபகம் வந்து ஓடினேன்.

"வழிய விடும்மா."

"எழுந்திரிக்கறதுக்குள்ள விடிஞ்சிடும்பா. தாண்டிப் போங்க."

"புள்ளத்தாச்சிய எவனாவது தாண்டுவானா?"

முணுமுணுத்துக்கொண்டே திரும்பி, பின்வாசல் வழியாகப் போய், சாக்கடை ஓரத்தில் காலைச் சுளுக்கிக்கொண்டு, நொண்டிக்கொண்டே முன்பக்கம் வந்தேன். மனைவி வாசலருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஏன் தாண்டல?"

"என்ன கேள்வி இது? மனுஷன் தாண்டுவானா?"

"தாண்ட மாட்டான்ல?"

"மாட்டான்!"

"கேமராவுக்கு முன்னாடி?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். பிரசவ நிலையத்தில் அன்று பரிசோதனை நாள், கர்ப்பிணிகள் இன்னும் வீட்டுக்குக் கிளம்பியிருக்க மாட்டார்கள். "வராண்டாவுல யாரும் உக்காரக் கூடாதுன்னு விதி கிடையாது, நான் பார்த்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இறங்கி, பாதி ஓட்டமாகப் போனாள்.

மறுநாள் கூட்டம் தொடங்கும்போது வராண்டா காலியாக இருந்தது. அவள் சொன்னபடி மன்றத்தில் மேயர் ஆட்கள் குறைவு. ஐந்து பேர் ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். உள்ளே மேயரோடு பதினாறு பேர். எதிர்க்கட்சி பதினெட்டுப் பேரும் சலவைச் சட்டையில் வந்திருந்தார்கள். படமெடுக்கும் நாளாயிற்றே.

கடைசிப் பொருளுக்கு முந்தைய பொருள் நடக்கும்போது வராண்டாவில் சலசலப்பு கேட்டது. பார்வையாளர் பக்கத்து ஜன்னலிலிருந்து வாசலின் வெளிப்பக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வார்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார்கள். அகலத்துக்கும் உட்கார்ந்தார்கள், காலை நீட்டிக்கொண்டார்கள். ஒன்பது பேர். நடுவில் என் மகள். பசையக்காவைக் கிண்டல் பண்ணிய பெண்ணும் அதில் இருந்தாள். வாசல்காவலர் ஓடி வந்து, "எழுந்திருங்கம்மா" என்றார். "தூக்கி விடுங்க" என்று ஒருத்தி கையை நீட்டினாள். அவர் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

கடைசிப் பொருள். மேயர் மைக்கைக் கிட்டே இழுத்தார்.

"நீங்க ஆட்சியில இருந்தப்ப என்னத்தக் கிழிச்சீங்க?"

பதினெட்டு நாற்காலிகளும் சுழன்றன. காகிதம் கிழிந்தது, கோஷம் எழுந்தது, படை வாசலை நோக்கி நடந்தது. அவர்கள் முதுகைப் பார்த்ததும் மேயர் எப்போதும்போல் அவசரப்பட்டார். மணியை அடித்து, "வாக்கெடுப்பு. எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம்" என்றார்.

காவலர் கதவைத் திறந்தார். நடராஜா சர்வீஸ் ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

"மாமா, எங்களால சட்டுனு எழுந்திரிக்க முடியாது" என்றாள் என் மகள். "தாண்டிப் போங்க."

பெண்களுக்குப் பின்னால் கேமரா தயாராக இருந்தது. அதற்கும் பின்னால், மணிச் சத்தம் கேட்டு ஓடி வந்த கேன்டீன் ஐவர். உள்ளே வரவும் அதே வழிதான். அவர்களில் முன்னால் நின்ற ஒருவர் கீழே பார்த்தார், மேலே பார்த்தார், அங்கேயே நின்றார். யாரும் யாரையும் தாண்டவில்லை.  நடராஜா சர்வீஸ் தூக்கிய காலை மெதுவாகத் தன் பக்கமே இறக்கினார்.

"எண்ணுங்க!" எழுந்து நின்ற என் மனைவியின் குரல் கூரையில் மோதியது. "வாக்கெடுப்புன்னு நீங்கதான் சொன்னீங்க. அறிவிச்சதுக்கப்புறம் நிறுத்த விதி இல்ல. நிக்கறவங்கள எண்ணச் சொல்லுங்க!"

மேயர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்தார். பதினெட்டுப் பேரும் மன்றத்துக்குள், வாசலுக்கு உள்பக்கம், நின்றுகொண்டுதான் இருந்தார்கள். ஒருவர் கையில் கிழித்த காகிதத்தின் மிச்சப் பாதி இருந்தது. நடராஜா சர்வீஸுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. திரும்பி, மேயரைப் பார்த்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இன்னும் விறைப்பாக நின்றார்.

"எதிர்ப்பு, பத்தொன்பது. ஆதரவு, பதினாறு. தீர்மானம் தோல்வி."

நான் கைதட்டினேன். 'வெளிய போ' என்றார்கள். நானே போகத்தான் இருந்தேன்.

வராண்டாவில் பெண்களைத் தூக்கி விடுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. கேன்டீன் ஐவரும்கூடக் கை கொடுத்தார்கள். மனைவி வெளியே வந்து மகளுக்கு முன்னால் மண்டியிட்டாள்.

"என்னம்மா ஆச்சு? ஜெயிச்சோமா?"

  மனைவி மகளின் வயிற்றில் கையை வைத்தாள், எடுக்கவே இல்லை.

"நமக்கு வண்டியே வேணாம்டி" என்றாள். "வலி வந்தா நடந்தே போயிடலாம்."